காட்டுப்பன்றி விரட்டும் கம்பியில்லா ஒலிப்பெட்டி: வயரிங் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மக்காச்சோளம் பால் பிடிக்கும் நாளிலிருந்து அறுவடை முடியும்வரை மலையடிவாரத்து விளைநிலங்களில் யாருக்கும் முழுத்தூக்கம் கிடையாது. ஒரு பன்றிக் கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் அரை ஏக்கர் தட்டு சாய்ந்துவிடும். தின்றது கொஞ்சம், மிதித்தது மிச்சம். நான் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவன். கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. சில போகங்களாகச் செய்து, பிரித்து, மறுபடி செய்த பெட்டி இது. நேரிலும் போனிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது.

இந்தப் பெட்டி என்ன செய்யும்?

நிலத்தின் நடுவில் ஒரு கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி. அதன் கீழே பெட்டிக்குள் எம்பி3 பலகை, ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, கம்பியில்லா ரிசீவர். உங்கள் கையில் அல்லது சாளைத் (தோட்டத்து வீட்டுத்) திண்ணையில் ஒரு ரிமோட். பன்றி வந்த சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்தினால், அது நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்து ஆள் அதட்டும் குரலோ நாய்க் கூட்டத்தின் குரைப்போ வெடிக்கும். நீங்கள் இருட்டில் தட்டுக்குள் இறங்க வேண்டியதில்லை. பாம்புக்கடியும், குட்டியோடு வரும் தாய்ப்பன்றியின் பாய்ச்சலும் இந்த வேலையில் உண்மையான ஆபத்துகள்.

கடையில் ரெடியாகவே கிடைக்கிறதே?

கிடைக்கிறது. பலவற்றில் மூன்று நான்கு ஒலிகளைச் சில்லுக்குள் பதித்து, டைமரில் ஓடவிட்டிருப்பார்கள். ஒலியை மாற்ற வழி இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். ஏன் என்பதற்கு அடுத்த பதில்.

டைமர் வைத்தால் தானாகப் பாடுமே. ரிமோட் எதற்கு?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். வயரிங் சுலபம், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். பெட்டி தோற்பது வயரிங்கால் இல்லை, பழக்கத்தால். நான் முதலில் செய்ததும் டைமர் பெட்டிதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புலி உறுமல். முதல் வாரம் ஒரு பன்றி இறங்கவில்லை. இரண்டாம் வாரம் ஓரத்தில் நின்று பார்த்தன. மூன்றாம் வாரம் ஒலிபெருக்கிக் கம்பத்தின் அடியிலேயே நிலக்கடலையைக் கிண்டியிருந்தன. அந்தக் குழிகளைக் காலையில் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. சத்தம் கேட்கிறது, ஆனால் அதன் பிறகு எதுவும் நடப்பதில்லை என்று பன்றி கணக்குப் போட்டுவிட்டது.

ரிமோட் இருந்தால் சத்தத்தைச் சேமிக்கலாம். பன்றி வராத இரவில் பெட்டி வாயே திறக்காது. வந்த இரவில், அது வாய் வைக்கும் நொடியில் அதட்டும். தன் செயலுக்கும் அந்தச் சத்தத்துக்கும் தொடர்பு இருப்பதாக விலங்கு நினைக்க வேண்டும். டைமரால் அது முடியாது.

தினைப்புனம் காத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. குறிஞ்சித்திணைப் பாட்டில் கிளி ஓட்டும் பெண்கள் தழல், தட்டை, குளிர் என்று வெவ்வேறு கருவிகளை முறை முறையாக மாற்றி எடுத்துத்தான் ஒலிக்கிறார்கள்.

என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

டிஎஃப்பிளேயர் மினி என்ற எம்பி3 பலகை. மெமரி கார்டு, 32 ஜிபிக்கு மேல் வேண்டாம், அதற்கு மேற்பட்டதை அந்தப் பலகை படிக்காது. நிரல் ஏற்றி மற்றவற்றை இயக்க ஆர்டுயினோ நானோ என்ற சின்னப் பலகை ஒன்று. டிபிஏ3118 சில்லு உள்ள மோனோ ஆம்ப்ளிஃபயர் பலகை. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்க எல்எம்2596 பலகை. 5 வோல்ட் ரிலே பலகை, ஆம்ப்ளிஃபயருக்குக் கரன்ட்டைத் தானாகப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச் இது. நான்கு பட்டன் ரிமோட்டும் அதற்கான ரிசீவரும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரி, யூபிஎஸ்ஸில் போடுவார்களே அதுதான். 3 ஆம்பியர் ஃபியூஸும் அதற்கான ஹோல்டரும். மைக்செட் கடையில் பழைய கூம்பும் யூனிட்டும் (கூம்பின் பின்னால் திருகும், ஒலி எழுப்பும் பகுதி). சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் கேட்டால் சும்மா கிடப்பது ஒன்றாவது இருக்கும்.

ரிமோட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ரிசீவரின் சில்லுப் பெயர் 'எம்4' என்று முடிந்தால், பட்டனை அழுத்தியிருக்கும்வரை மட்டும் அதன் வெளியீடு உயிரோடு இருக்கும். 'எல்4' என்றால் அழுத்தியது அப்படியே பிடித்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது எம்4.

வயரிங்கை வரிசையாகச் சொல்ல முடியுமா?

படம் வரையாமல் சொல்கிறேன்; ஒவ்வொரு வரியையும் செய்து முடித்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

முதலில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். சீல்டு பேட்டரி ஷார்ட்டானால் வயர் சிவந்து பெட்டியே எரியும். ஆகவே ஃபியூஸ் இல்லாமல் சோதனைக்குக்கூட இணைக்காதீர்கள். ஃபியூஸுக்குப் பிறகு ஒரு ஸ்விட்ச். அங்கிருந்து பாசிட்டிவ் இரண்டாகப் பிரிகிறது.

ஒரு கிளை ரிலேயின் பொது முனைக்கு. ரிலேயின் 'சாதாரணமாகத் திறந்திருக்கும்' முனையிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் பாசிட்டிவுக்கு. ஆம்ப்ளிஃபயரின் சப்ளை முனைகளுக்குக் குறுக்கே, எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கத்தில், 2200 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர். முனை மாறினால் வெடிக்கும், பார்த்து.

இன்னொரு கிளை எல்எம்2596 பலகைக்கு. அதன் வெளியீட்டில் எதையும் சேர்க்காமல் மல்ட்டிமீட்டர் வைத்து, திருகைத் திருகி 5.0 வோல்ட்டில் நிறுத்துங்கள். வாங்கி வரும்போது அது எந்த வோல்ட்டில் நிற்கும் என்று சொல்ல முடியாது. அளக்காமல் இணைத்து நானோவையும் பிளேயரையும் ஒரே நேரத்தில் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 5 வோல்ட் வந்த பிறகு அதை நானோவின் '5வி' முனைக்கும், ரிசீவருக்கும், ரிலே பலகைக்கும் கொடுங்கள். டிஎஃப்பிளேயருக்கு மட்டும் நடுவில் ஒரு 1என்4007 டயோடு போட்டுக் கொடுங்கள். வோல்ட்டேஜ் 4.3 அளவுக்கு இறங்கும். அதுதான் அந்தப் பலகைக்குப் பிடித்த அளவு. டயோடுக்குப் பிறகு ஒரு 470 மைக்ரோஃபாரட்.

இனி சிக்னல். நானோவின் 11-ஆம் முனையிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக பிளேயரின் 'ஆர்எக்ஸ்'. அந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டால் ஒலியில் டிக் டிக் என்று சத்தம் ஏறும். பிளேயரின் 'டிஎக்ஸ்' நானோவின் 10-க்கு. 'பிஸி' முனை 4-க்கு. பாட்டு ஓடும்போது அது தாழ்ந்திருக்கும், முடிந்ததும் உயரும், அதை வைத்துத்தான் ரிலேயை எப்போது விடுவது என்று நானோ தெரிந்துகொள்ளும். ரிசீவரின் நான்கு வெளியீடுகள் 5 முதல் 8 வரை. ரிலேயின் உள்ளீடு 9-க்கு.

ஒலிக்கு, பிளேயரில் 'எஸ்பிகே' என்று எழுதிய முனைகளைத் தொடாதீர்கள். அவை உள்ளேயே இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு. நமக்கு வேண்டியது 'டிஏசி-ஆர்' முனை. அதிலிருந்து 1 மைக்ரோஃபாரட், பிறகு சத்தத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்க 10 கிலோஓம் பிரீசெட், அதன் நடு முனை ஆம்ப்ளிஃபயர் உள்ளீட்டுக்கு. இந்த ஓட்டம் முழுக்க ஷீல்டு வயர். ஒலிக்கோப்புகளை முன்கூட்டியே மோனோவாக மாற்றிவிட்டால் ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் போதும்.

கடைசியாக ஆம்ப்ளிஃபயரின் இரண்டு ஸ்பீக்கர் முனைகளும் யூனிட்டுக்கு. இந்த வகை ஆம்ப்ளிஃபயரில் இரண்டு முனையிலுமே சிக்னல் இருக்கிறது. பழைய மைக்செட் பழக்கத்தில் ஒன்றை நெகட்டிவோடு சேர்த்தால் சில்லு போய்விடும்.

நிரல் எழுதத் தெரியாதே?

நானோவுக்கான நிரல் சிறியதுதான். பட்டன் வந்தால் ரிலேயைப் போடு, ஒரு நொடி பொறு, அந்தப் பட்டனுக்குரிய கோப்புகளில் போன முறை ஓடாத ஒன்றைக் குலுக்கல் முறையில் எடு, ஓட்டு, 'பிஸி' உயர்ந்ததும் ரிலேயை விடு. ஊரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த ஒரு வரியைக் கொடுத்தால் எழுதித் தந்துவிடுவார்கள். அந்த ஒரு நொடி முக்கியம்; இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயர் விழித்துக்கொள்வதற்குள் ஒலியின் தொடக்கம் வெட்டுப்பட்டுவிடும்.

அதுவும் வேண்டாம் என்றால் இன்னொரு வழி. பழைய கீபேட் போன்கள் பலவற்றில், ஹெட்செட் செருகியிருக்கும்போது அழைப்பைத் தானாக எடுக்கும் வசதி உண்டு. அந்தப் போனின் இயர்போன் வெளியீட்டை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்துக் கம்பத்தில் வைத்துவிடுங்கள். வீட்டிலிருந்து அந்த எண்ணுக்குப் போன் போட்டு, நீங்களே அதட்டுங்கள். மோட்டாரை மிஸ்டு கால் கொடுத்து ஓட்டிப் பழகிய நம் ஆட்களுக்கு இது புதிதாகவே இருக்காது. ஒவ்வொரு நாளும் வேறு வேறு வார்த்தை, வேறு வேறு குரல் என்பதால் பன்றிக்குப் பழகவும் பழகாது. வேறு யாரும் அழைத்தால் நடுநிசியில் காட்டில் பேச்சுக் கேட்கும், ஆகவே தெரிந்த எண்ணை மட்டும் எடுக்கும்படி வையுங்கள். இன்னொன்று, கீபேட் போனோ, சிம் போட்டு அழைப்பு வாங்கும் சிம்800எல் பலகையோ 2ஜியை மட்டும் நம்பியிருந்தால் ஜியோ சிம் வேலை செய்யாது. அவர்களிடம் 2ஜி கிடையாது.

எத்தனை வாட் வேண்டும்? நூறு வாட் போட்டால் இன்னும் நல்லதா?

வேண்டாம். 12 வோல்ட்டில் ஓடும் இந்த வகை ஆம்ப்ளிஃபயர், கணக்குப்படி 8 ஓம் யூனிட்டுக்கு 9 வாட், 16 ஓம் யூனிட்டுக்கு 4.5 வாட்தான் கொடுக்கும். பலகையில் 60 வாட் என்று எழுதியிருப்பது 24 வோல்ட் கணக்கு. ஆனால் கூம்பின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 105 டெசிபலுக்கு மேல் கொடுக்கும் யூனிட்டுகள் சாதாரணம். 4.5 வாட் என்றால் சுமார் 112. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஆக நூறு மீட்டரில் 72 டெசிபல். நடுநிசி அமைதியில் அது பக்கத்து வரப்பில் ஆள் நின்று கத்துவது போல இருக்கும். பன்றியின் காதும் கூர்மையானது.

கூம்புக்கு ஒரு குறை உண்டு. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது பாடாது. புலியின் உறுமலில் உடலை உலுக்கும் அடிச்சத்தம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. கூம்பு வழியே வருவது வெறும் கரகரப்பு. அந்த அடிச்சத்தத்தை யூனிட்டுக்குள் திணித்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழியும். ஆகவே ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டுக் கார்டில் ஏற்றுங்கள். கூடுதல் காப்புக்கு 16 ஓம் யூனிட்டோடு தொடரில் 33 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெப்பாசிட்டர் போடலாம்.

யூனிட்டோடு, நீண்ட வயர் இழுப்பதற்காக மைக்செட்டில் போடும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் கழற்றிவிடுங்கள். நம் ஆம்ப்ளிஃபயருக்கு அது தேவையில்லை.

ஓடும்போது பின்னணியில் 'ங்ஙீ' என்று இரைகிறதே?

பத்தில் எட்டுப் பெட்டிகளுக்கு இது வரும். நெகட்டிவ் வயர்களைச் சங்கிலி போல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எடுத்திருப்பீர்கள். எல்லா நெகட்டிவையும் தனித்தனி வயராக ஆம்ப்ளிஃபயரின் சப்ளை நெகட்டிவ் முனைக்கே கொண்டுவந்து ஒரே புள்ளியில் சேருங்கள். ஷீல்டு வயரின் வலையை ஆம்ப்ளிஃபயர் பக்கம் மட்டும் இணைத்து, பிளேயர் பக்கம் நடு வயரோடு தனி நெகட்டிவ் கொடுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் வையுங்கள், அறவே நின்றுவிடும். இரைச்சலைச் சகித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ரிலே போட்டவுடன் வரும் அந்த இரைச்சலைப் பன்றி நாளடைவில் அடையாளம் கண்டுவிடும்.

ரிமோட் முப்பது மீட்டருக்கு மேல் எடுக்கவில்லை.

மூன்று காரணங்களைப் பாருங்கள். ரிசீவர் பலகையில் உலோகக் கூடுள்ள சிறு படிகம் (கிரிஸ்டல்) தெரிந்தால் அது சூப்பர்ஹெட் என்ற நல்ல வகை. செம்புச் சுருளும் திருகும் மட்டும் இருப்பது மலிவு வகை, அதற்குத் தூரமும் குறைவு, ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலில் குருடாகவும் ஆகிவிடும். அடுத்தது ஆன்டெனா. இந்த ரிமோட்டுகள் ஓடும் 433.92 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 17.3 சென்டிமீட்டர். அந்த நீளத்தில் ஒற்றை வயரை நேராக நிமிர்த்தி நிறுத்துங்கள். பெட்டிக்குள் சுருட்டிவைத்தால் அது ஆன்டெனா ஆகாது. மூன்றாவது காரணம் பயிர். ஆளுயர மக்காச்சோளமும் கரும்பும் பச்சைத்தண்ணீர் நிறைந்த சுவர்கள், ரேடியோ அலையைக் குடித்துவிடும். விதைத்த வாரத்தில் நூறு மீட்டர் எடுத்த ரிமோட் கதிர் வந்த பிறகு பாதியாவது இயல்பு. ரிசீவரை மட்டும் தனியாகக் கம்பத்தின் உச்சிக்கு, பயிருக்கு மேலே ஏற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

இருநூறு மீட்டருக்கு மேல் வேண்டும் என்றால் நெடுந்தூரத்துக்கென்றே செய்த லோரா ரேடியோப் பலகைகளுக்குப் போய்விடுங்கள். 866 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனா 8.7 சென்டிமீட்டர்தான். அவை 3.3 வோல்ட்டில் ஓடுபவை, நானோவோடு இணைக்க லெவல் மாற்றி வேண்டும். ஆன்டெனா போடாமல் ஒருபோதும் அனுப்பச் சொல்லாதீர்கள், வெளியீட்டு டிரான்சிஸ்டர் செத்துவிடும்.

புளூடூத் இந்த வேலைக்கு ஆகாது.

ரேடியோ அலைக்கு லைசென்ஸ் வேண்டுமா?

இந்தியாவில் 433–434 மெகாஹெர்ட்ஸில் 10 மில்லிவாட்டுக்குள் குறுந்தூரக் கருவிகளுக்கு விலக்கு இருக்கிறது. சாவிக்கொத்து ரிமோட்டுகள் இந்த வகை. எச்சி-12 என்ற 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோப் பலகையை வாங்கியவர்கள் கவனிக்க வேண்டும்: அது வரும்போதே 100 மில்லிவாட்டில் இருக்கும். 'ஏடி+பி4' கட்டளை கொடுத்தால் சுமார் 6 மில்லிவாட்டுக்கு இறங்கும். வெளிநிலத்தில் அதிகத் தூரத்துக்குப் பொருத்தமானது 865–868 மெகாஹெர்ட்ஸ். லைசென்ஸ் இல்லாமல் ஒரு வாட்வரை அனுமதி. வெளிநாட்டு நிரலை அப்படியே ஏற்றினால் பட்டையின் விளிம்பான 868-லோ, வெளியே 915-லோ நிற்கும், எண்ணை மாற்றிவிடுங்கள். எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் செய்து ரேடியோவில் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 88–108 ஒலிபரப்புக்கான பட்டை, அதில் கைவைக்காதீர்கள்.

பேட்டரி எத்தனை நாள் வரும்?

ரிலே போட்டதன் பலன் இங்கேதான். ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்கும்போது மற்ற எல்லாம் சேர்ந்து பேட்டரியிலிருந்து 30 மில்லிஆம்பியர் அளவுதான் இழுக்கும். இரவு 12 மணி நேரத்துக்கு 0.36 ஆம்பியர்-மணி. அரை நிமிடம் வீதம் இருபது முறை அதட்டினாலும் இன்னொரு 0.1. ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டாலும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரம் தாங்கும். சும்மா இருக்கும்போது 12.2 வோல்ட் காட்டினால் பாதி போய்விட்டது என்று அர்த்தம். 5 வாட் சோலார் பேனலும் ஒரு சின்னச் சார்ஜ் கன்ட்ரோலரும் போட்டால் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பம்ப்செட் கரன்ட்டிலிருந்து லைன் இழுத்து அடாப்டர் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஈர நிலத்தில் 230 வோல்ட் ஓடும் வயர், விரட்டிக்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பது.

எந்த ஒலிகளைப் போடலாம்?

என் அனுபவத்தில் முதலிடம் மனிதக் குரலுக்கு. ஆய்விலும் அப்படித்தான் தெரிகிறது. தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் பகுதியின் நீர்நிலைகளில் ஒலிபெருக்கி வைத்துப் பார்த்தார்கள்; 2023-இல் வெளியான முடிவு. மனிதர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் ஒலியைக் கேட்டு விலங்குகள் ஓடியது, சிங்க உறுமலுக்கு ஓடியதைப் போல இருமடங்கு. சிங்கத்தோடு தினமும் வாழும் விலங்குகளே அப்படி என்றால், தலைமுறை தலைமுறையாக மனிதனிடம் அடிவாங்கிய பன்றிக்குக் கேட்கவே வேண்டாம்.

உங்கள் வீட்டு ஆட்களையே பதியுங்கள். அப்பா அதட்டுவது, இரண்டு பேர் பேசிக்கொண்டே நடந்து வருவது, தகரம் தட்டுவது, ஊர் நாய்கள் சேர்ந்து குரைப்பது, டிராக்டர் ஸ்டார்ட் ஆவது. ஒவ்வொன்றும் பதினைந்து முதல் முப்பது நொடி. குறைந்தது இருபது கோப்பு வேண்டும். கார்டை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்து, எம்பி3 என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் பெயரிட்ட ஃபோல்டருக்குள் 0001, 0002 என்று நான்கு இலக்கத்தில் பெயர் வையுங்கள். வாரம் ஒருமுறை பாதியை மாற்றுங்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கம்பத்தையே இடம் மாற்றுங்கள். இரண்டு இரவுக்கு ஒருமுறையாவது, ஒலித்ததும் டார்ச் வெளிச்சத்தோடு வரப்பு ஓரம்வரை நிஜமாகவே நடந்து போங்கள். சத்தத்துக்குப் பின்னால் ஆள் உண்டு என்ற நினைப்பு பன்றிக்கு விட்டுப்போகக் கூடாது.

காதுக்குக் கேட்காத அல்ட்ராசோனிக் கருவி நல்லதா?

பன்றிக்கு 40 கிலோஹெர்ட்ஸ்வரை கேட்கும் என்பது உண்மை. ஆனால் அவ்வளவு உயர்ந்த ஒலி காற்றிலும் இலையிலும் சில மீட்டர்களில் கரைந்துவிடும். பணத்தை இதில் போடாதீர்கள்.

சென்சார் வைத்துத் தானாக ஒலிக்கச் செய்யலாமா?

செய்யலாம், காவலுக்கு ஆளில்லாதவர்களுக்கு ரிமோட்டுக்கு அடுத்த நல்ல வழி இதுதான். உடல் வெப்பத்தின் அசைவைக் கண்டுபிடிக்கும் எச்சி-எஸ்ஆர்501 போன்ற சென்சார் ஐந்தாறு மீட்டர்தான் பார்க்கும், ஆகவே வயல் முழுவதையும் காக்க முயலாமல் பன்றி நுழையும் தடத்தில் மட்டும் வையுங்கள். சேற்றில் குளம்புத் தடமும் வேலிக்கம்பியில் ஒட்டிய மயிரும் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். முழங்கால் உயரத்தில் கட்டி, பயிருக்குள் பார்க்காமல் வெற்றுத்தரையைப் பார்க்கும்படி திருப்புங்கள். ஆடும் இலைகளைப் பார்த்துத் திரும்பத் திரும்பப் பொய்யாகக் கூவினால் டைமர் பெட்டியின் கதிதான்.

மழை, எறும்பு?

மழைக்கு ரப்பர் விளிம்புள்ள பிவிசி பெட்டி போதும், வயர் நுழையும் துளைகள் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். எறும்புதான் பெரிய எதிரி. ரிலேக்குள் புகுந்து தொடுமுனைகளுக்கு நடுவே செத்துக் கிடக்கும், ரிலே 'டிக்' என்னும், கரன்ட் போகாது. மூடிய ரிலே வாங்கி, எல்லாத் துளையையும் கிளாண்டு போட்டு அடைத்து, கம்பத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கிரீஸ் தடவுங்கள். இடி மின்னல் நாட்களில் கம்பத்தைச் சாய்த்துவைப்பது நல்லது.

இரவில் ஒலிபெருக்கி வைக்க அனுமதி உண்டா?

நேராகச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். பன்றி வருவதோ அந்த நேரத்தில்தான். ஆகவே நிறுவும் முன்பே ஊராட்சியிலும் காவல் நிலையத்திலும் எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். காப்புக்காட்டை ஒட்டிய நிலமென்றால் வனச்சரக அலுவலகத்திலும். வீடுகள் இருக்கும் திசைக்குக் கூம்பின் முதுகைத் திருப்புங்கள். மேலே சொன்ன கணக்கின்படி முழுச்சத்தத்தில் 400 மீட்டரில்கூட 60 டெசிபல் வரும், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது கொடுமை. பிரீசெட்டைக் குறைத்து அரை வாட்டில் தொடங்குங்கள். நடு வயலில் அதுவே பெரும்பாலும் போதும்.

இதே பெட்டியால் பறவை விலங்குகளை வரவழைக்கலாமா?

வயரிங் ஒன்றேதான். அமெரிக்காவில் இத்தகைய பெட்டிகள் வேட்டைக்காரர்களுக்காகவே விற்கப்படுகின்றன. அடிபட்ட முயலின் அலறலை ஒலிக்கவிட்டால் கொயோட்டி என்ற ஓநாயினம் தேடி வரும். அங்கும் வாத்து, புறா போன்ற வலசைப் பறவைகளைப் பதிவு ஒலியால் அழைத்துச் சுடுவதற்குப் பொதுவாகத் தடை உண்டு. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம், வேட்டைக்கான முயற்சியும் குற்றம். கவுதாரி, காடைக் குரலை மொபைலில் ஓட்டிக் கண்ணி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பெட்டியைச் செய்துகொடுக்க மாட்டேன், நீங்களும் செய்துகொடுக்காதீர்கள். கூடுகட்டும் காலத்தில் குஞ்சின் அபயக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையைப் படமெடுக்கக் கூப்பிடுவதும் வேண்டாம். தாய் கூட்டை விட்டு அலையும்.

இவ்வளவு சிரமத்துக்கு வேலியில் கரன்ட் விட்டால் முடிந்தது என்கிறார்களே?

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் பன்றிக்காக வைத்த கள்ள மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்தன. இரண்டு குட்டிகள் உயிரோடு பக்கத்தில் நின்றன. அந்த வேலிகளில் நம் ஆட்களும் செத்திருக்கிறார்கள், தண்ணீர் பாய்ச்சப் போனவர்கள், மாடு தேடிப் போனவர்கள். தீனிக்குள் மறைத்துவைக்கும் வெடியான அவுட்டுக்காயும் அப்படித்தான். பன்றிக்கு வைத்தது யானையின் வாயையும் பசுவின் வாயையும் கிழிக்கிறது. ஒரு போகத்து மக்காச்சோளம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடனை நானும் கட்டியிருக்கிறேன். ஆனாலும் அந்த வயரை இழுக்காதீர்கள்.

யானை வந்தால் இந்தப் பெட்டியை ஒலிக்கவிடலாமா?

கூடாது. தென்னிந்தியாவில் பயிருக்கு வரும் யானைகளிடம் உறுமல்களை ஒலிக்கவிட்டு நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. புலி உறுமலுக்கு யானைகள் சத்தமில்லாமல் பின்வாங்கின. சிறுத்தை உறுமலுக்கோ பிளிறிக்கொண்டு, எங்கே அது என்று தேடின. நம் கார்டில் இருக்கும் ஒலிக்கு உங்கள் நிலத்துக்கு வந்த யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அது ஓடும் வழியில் ஒரு சாளை இருக்கலாம், அதில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் என் ரிமோட்டில் நான்காவது பட்டனுக்கு எந்த ஒலியும் கொடுக்கவில்லை. அது ரிலேயை உடனே விடுவித்து, மறுபடி நான் ஸ்விட்சைப் போடும்வரை பெட்டியை ஊமையாக வைத்திருக்கும். கிளை ஒடியும் சத்தம் கேட்டால் அந்தப் பட்டனை அழுத்திவிட்டு, விளக்கை அணைத்து, எல்லோரையும் கான்கிரீட் கூரையுள்ள வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். உங்கள் சரகத்தின் எண்ணைப் பெட்டியின் மூடியில் பெயின்டால் எழுதிவையுங்கள்.